மேட் புளூம்ஃபீல்ட்: ஒரே கிளப், 18 வருடம், ஆறு மேனேஜர்கள். இவரை எப்படி மதிப்பிடுவது?

பனங்காய் எழுதியது:

பிரீமியர் லீக் பற்றி இங்கே இழைகளுக்குப் பஞ்சமில்லை. கீழ் லீக் ஆட்டக்காரர் ஒருத்தரைப் பற்றி உருப்படியாக ஒன்றுகூட கிடையாது. அதனால்தான் இது.

மேட் புளூம்ஃபீல்ட். மிட்ஃபீல்டர். 1984-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஃபெலிக்ஸ்டோ என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். பக்கத்திலிருக்கும் இப்ஸ்விச் டவுன் கிளப்பின் அகாடமியில் வளர்ந்தார். அங்கே முதல் அணியில் இடம்பிடிக்க வழி பிறக்கவில்லை. 2003 டிசம்பரில் கீழ் லீக் கிளப்பான விக்கம் வாண்டரர்ஸுக்குப் போனார். கூட்டிக்கொண்டு போனவர் டோனி ஆடம்ஸ். ஆமாம், ஆர்சனல் கேப்டன் ஆடம்ஸேதான். மேனேஜராக அவருக்கு அதுதான் முதல் வேலை.

அப்படிப் போனவர் 2022 பிப்ரவரியில் ஓய்வை அறிவிக்கும்வரை வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. விக்கம் சட்டையில் 550-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். நான்கு முறை அணியோடு மேல் டிவிஷனுக்குப் போனார் (2009, 2011, 2018, 2020). நான்கு முறை அணியோடு கீழ் டிவிஷனுக்கு வந்தார் (2004, 2010, 2012, 2021). பிரீமியர் லீகில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

என் கட்சி இதுதான்: இங்கிலீஷ் கால்பந்தில் மேலே ஏறுவதைவிடக் கஷ்டமான காரியம், மூன்றாம் நான்காம் டிவிஷனில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பது. ஆடம்ஸ், ஜான் கோர்மன், பால் லாம்பர்ட், பீட்டர் டெய்லர், கேரி வாடக், கேரத் ஏன்ஸ்வொர்த் என்று ஆறு மேனேஜர்கள். ஒவ்வொருத்தரும் வந்ததும் முதலில் செய்வது, பழைய ஆளின் ஆட்களை வெளியே அனுப்புவது. ஆறு பேரும் இவரை அனுப்பவில்லை. இதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

---

விசில்சத்தம் எழுதியது:

மரியாதை கொடுக்கலாம் பாஸ். ஆனால் இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

18 வருடம் ஒரே கிளப்பில் இருந்தார் என்றால், அந்த 18 வருடத்தில் பெரிய கிளப் எதுவும் அவருக்காக வந்து நிற்கவில்லை என்றும் அர்த்தம். லீக் டூவில் ஒருத்தன் பளிச்சென்று தெரிந்தால் இரண்டு சீசனுக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் இருந்த விக்கமிலேயே உதாரணம் இருக்கிறது. ஜோர்டன் ஐப் 2011 அக்டோபரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேக்கு எதிராக கோல் அடித்தபோது வயது 15. அந்த டிசம்பரிலேயே லிவர்பூல் வாங்கிவிட்டது. திறமை அப்படித்தான் இடம் மாறும். புளூம்ஃபீல்ட் நல்ல உழைப்பாளி, விசுவாசி. அதற்கு மேல் என்ன?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

விசில் அண்ணா, ஐப் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2016-ல் போர்ன்மவுத் அவரை 15 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அங்கிருந்து 2020-ல் வெளியே வந்த பிறகு அந்தப் பையன் எந்த கிளப்பிலும் ஊன்ற முடியவில்லை. மனச்சோர்வோடு போராடுவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, பாவம். ஒரே காலத்தில் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்த இரண்டு பேரில் யாருடைய ஆட்டவாழ்க்கை நீண்டது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு விஷயம். பணம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் கீழ் லீக் ஆட்டக்காரரை எடைபோடவே முடியாது. பிரீமியர் லீகில் நான்கைந்து வருட ஒப்பந்தம் சாதாரணம். லீக் டூவில் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. எல்லா ஒப்பந்தமும் ஜூன் 30-ல் முடியும். சீசன் முடிந்ததும் மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் 'ரீடெய்ன்ட் லிஸ்ட்' வெளியிடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பேர் அந்த ஒரு அறிக்கையில் வேலை இழக்கிறார்கள். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு எல்லாம் அதோடு ஆடும். அதிலும் கிளப் கீழே இறங்கினால் வரவு சுருங்கும். முதலில் கத்தி விழுவது சம்பளப் பட்டியலில்தான்.

இவர் நான்கு முறை கீழே இறங்கிய கிளப்பில் இருந்தவர். நான்கு முறையும் அந்தப் பட்டியலில் 'வைத்துக்கொள்கிறோம்' பக்கம் பெயர் வந்திருக்கிறது. 2012-ல் நிலைமை இன்னும் மோசம். ரசிகர்களின் டிரஸ்ட் கிளப்பை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று; செலவு தாங்காமல் இளைஞர் அகாடமியையே மூடினார்கள். அகாடமியை மூடுகிற கிளப், வெறும் விசுவாசத்துக்காக ஒரு மிட்ஃபீல்டருக்குச் சம்பளம் கொடுக்குமா?

---

ஹரோத்தமிழன் எழுதியது:

வணக்கம். நான் லண்டன் ஹரோவில இருக்கிறன். விக்கம் எங்களுக்குக் கிட்ட. எம்40-ல ஏறினா கன தூரமில்லை. பிரீமியர் லீக் டிக்கெட் விலையில ஒராள் போற காசுக்கு இஞ்ச குடும்பமா போகலாம் எண்டுதான் முதல் போகத் தொடங்கினது. பிறகு பழகிப்போச்சு.

மைதானத்துக்குப் பெயர் அடம்ஸ் பார்க். டோனி அடம்ஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது முந்தியே வைச்ச பெயர். தொழிற்பேட்டை ஒண்டின்ர கடைசியில, றோட்டு முடியிற இடத்தில நிக்குது. பின்னால மரமடர்ந்த குன்று. பத்தாயிரம் பேர் மட்டில கொள்ளும். விக்கம் ஒரு காலத்தில கதிரை செய்யிற ஊர், அதால அணிக்குப் பட்டப்பெயர் 'செயார்போய்ஸ்'.

புளூம்ஃபீல்ட் எப்பிடி ஆடுறவர் எண்டு கேட்டா, டிவியில ஹைலைட்ஸ் பாத்தா விளங்காது. நேரில பாக்கோணும். அவரிட்ட அழகான பாஸ் எண்டு சொல்ல ஒண்டுமில்லை. நல்ல உயரமும் இல்லை. ஆனா எதிரணி பந்தை எடுத்து நிமிரேக்கை அவர் முன்னால நிப்பார். எங்கட ஆக்கள் பெட்டிக்குள்ள பந்தைப் போட்டா, எங்கயிருந்தோ பின்னால இருந்து ஓடிவந்து அங்கயும் நிப்பார். எனக்குப் பக்கத்தில நிண்டு பாக்கிற வெள்ளைக்காரக் கிழவர் ஒராள், ஆட்டம் முழுக்க எல்லாரையும் திட்டுவார், இவரை மட்டும் திட்டமாட்டார்.

---

விசில்சத்தம் எழுதியது:

'எங்கும் ஓடுவார்' என்பதைத்தான் நானும் சொல்கிறேன். ஓடுகிறவர்கள் கீழ் லீகில் நிறையப் பேர்.

---

இரண்டாம்பந்து எழுதியது:

இந்த இழைக்காகவே பல நாள் கழித்து உள்ளே வருகிறேன்.

விசில்சத்தம் சொல்வது போல ஓடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஏன்ஸ்வொர்த்தின் விக்கம் எப்படி ஆடியது என்று தெரிந்தால்தான் இது புரியும்.

பின்வரிசையில் சின்னச் சின்ன பாஸ் போட்டு விளையாடுகிற பழக்கமே அங்கே கிடையாது. கோல்கீப்பர் நீளமாக உதைப்பார். முன்னால் அடெபாயோ அகின்ஃபென்வா நிற்பார். வீடியோ கேமில் 'அதிக பலம்' என்று பெயர் வாங்கிய அதே ஆள், 2016-ல் விக்கமுக்கு வந்தார். நூறு கிலோ உடம்பு. பந்து மேலிருந்து இறங்கும்போது எதிரணி சென்டர்-பேக் இவர் முதுகில் மோதிக்கொண்டு நிற்பார், நகர்த்த முடியாது. பத்துக்கு ஏழெட்டு முறை பந்து யாருக்கும் சொந்தமில்லாமல் தெறிக்கும். அந்தத் தெறித்த பந்துதான் இரண்டாம் பந்து. ஆட்டமே அதில்தான். அகின்ஃபென்வா துள்ளுவதற்கு முன்பே, அவர் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எங்கே அடிக்கிறது, எதிரணி ஆள் எந்தக் காலில் ஊன்றி நிற்கிறான் என்று பார்த்து, பந்து விழப்போகும் இடத்துக்கு மிட்ஃபீல்டர் கிளம்பியிருக்க வேண்டும். விழுந்த பிறகு கிளம்பினால் முடிந்தது கதை. இருபது முறை ஓடினால் பன்னிரண்டு முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டும். மூச்சு வாங்காமல் இருபத்தோராவது முறையும் ஓட வேண்டும். தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருப்பவனின் பொறுமை அது. தண்ணீர் வருகிற நேரத்தில் மடையில் ஆள் நிற்க வேண்டும்.

அதோடு 'த்ரோ-இன்', கார்னர், ஃப்ரீ-கிக். விக்கமுக்கு அவை எல்லாமே கோல் வாய்ப்பு. ஜோ ஜேக்கப்சன் 2019 செப்டம்பரில் லிங்கன் சிட்டிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அதில் இரண்டு கோல் கார்னரிலிருந்து நேரே வலைக்குள் போனவை! லெஃப்ட்-பேக் ஒருத்தர் அடித்த ஹாட்ரிக் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட அணியில் மிட்ஃபீல்டரின் வேலை பந்தை வைத்துக்கொள்வது அல்ல. எதிராளி அவசரப்பட்டு பந்தை வெளியே தள்ளும்படி செய்வது. அதற்குப் புள்ளிவிவரத்தில் ஒரு கட்டமும் கிடையாது. கோலும் அசிஸ்ட்டும் எண்ணி புளூம்ஃபீல்டை மதிப்பிட்டால் சாதாரணமாகத்தான் தெரிவார்.

இந்த ஆட்டம் அழகா என்று கேட்டால், இல்லை. நேரம் கடத்துகிறார்கள் என்று எதிரணி ரசிகர்கள் கரித்துக்கொட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த பட்ஜெட்டில் அதைவிடப் புத்திசாலித்தனமான வழி எனக்குத் தெரியவில்லை.

---

புதுக்கால் எழுதியது:

அண்ணன்மாரே, நான் ஐஎஸ்எல் மட்டும் பார்க்கிற ஆள். லீக் ஒன், லீக் டூ எல்லாம் குழப்பமாக இருக்கிறது. லீக் ஒன் என்றால் முதல் டிவிஷன் இல்லையா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இல்லை தம்பி, பெயர் வைத்தவர்கள் அப்படிக் குழப்பிவிட்டார்கள். மேலே பிரீமியர் லீக், 20 அணி. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24, ஆக 72. லீக் ஒன் என்பது மூன்றாம் படி, லீக் டூ நான்காம் படி. 2004-ல் வந்த பெயர்கள் இவை. லீக் டூவில் கடைசி இரண்டு அணிகள் நேஷனல் லீகுக்கு இறங்கும். அங்கே போனால் டிவி பணம் கரைந்துவிடும், திரும்பி வருவது பெரும்பாடு. மேலே போக முதல் சில இடங்களுக்கு நேரடி வாய்ப்பு. அடுத்த சில அணிகளுக்கு 'பிளே-ஆஃப்': தங்களுக்குள் மோதி ஒன்று மட்டும் மேலே போகும்.

---

பனங்காய் எழுதியது:

இரண்டாம்பந்து, உங்கள் பெயருக்கேற்ற பதிவு!

விசில்சத்தம் சொன்ன 'பெரிய கிளப்பின் கண்ணில் படவில்லை' என்பதற்கு ஒரு பதில். 2006-07 லீக் கப். விக்கம் அப்போது நான்காம் டிவிஷன். பிரீமியர் லீகில் இருந்த ஃபுல்ஹமையும் சார்ல்டனையும் அவர்கள் ஊரிலேயே போய்த் தோற்கடித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அப்படி நான்காம் டிவிஷன் அணி அரையிறுதிக்கு வந்தது 1975-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. எதிரே மொரின்யோவின் செல்சி. அடம்ஸ் பார்க்கில் 1-1. ஜெர்மெய்ன் ஈஸ்டர் சமன் செய்தார். இரண்டாவது ஆட்டத்தில் 4-0 என்று லாம்பார்டும் ஷெவ்சென்கோவும் ஆளுக்கு இரண்டு அடித்து முடித்துவிட்டார்கள். அந்த விக்கம் அணியில் 22 வயது புளூம்ஃபீல்ட் இருந்தார். அதே அணியின் டிஃபெண்டர் மைக் வில்லியம்சன் பின்னால் நியூகாசிலுக்காக பிரீமியர் லீக் ஆடினார். மேனேஜர் பால் லாம்பர்ட் நார்விச்சை பிரீமியர் லீகுக்கே கொண்டுபோனார். ஆக, அந்தக் கூட்டத்தின் மேல் வெளிச்சம் படாமல் இல்லை.

அதற்கு முந்தைய சீசன்தான் அவர்களுக்கு ரொம்பக் கொடுமையானது. 2006 ஜனவரியில் அணியின் இளம் மிட்ஃபீல்டர் மார்க் ஃபிலோ கார் விபத்தில் இறந்தார், வயது 21. புளூம்ஃபீல்டைவிடச் சில மாதம்தான் இளையவர். அடுத்த சில வாரங்களில் மேனேஜர் கோர்மனின் மனைவி புற்றுநோயில் காலமானார். அதுவரை பட்டியலின் உச்சியில் நின்ற அணி, அதன் பிறகு தடுமாறி பிளே-ஆஃபில் வெளியேறியது. ஒரு கிளப்பை விட்டுப் போகாமல் இருப்பதற்கு ஒப்பந்தக் காகிதம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு 2014. கடைசி நாள், மே 3. விக்கம் லீக் டூவிலிருந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது. பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு மூன்று புள்ளி பின்னால். விக்கம் டார்க்கியில் 3-0 ஜெயிக்க, ரோவர்ஸ் சொந்த ஊரில் மான்ஸ்ஃபீல்டிடம் 1-0 தோற்க, இரண்டு பேருக்கும் 50 புள்ளி. கோல் வித்தியாசத்தில் விக்கம் தப்பியது. 1920-லிருந்து லீகில் இருந்த ரோவர்ஸ் வெளியே போனது. அன்றைக்குத் தப்பாமல் போயிருந்தால் பின்னால் வந்த எதுவுமே கிடையாது. அகின்ஃபென்வாவும் இல்லை, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆடிய இறுதி ஆட்டங்களும் இல்லை.

---

விசில்சத்தம் எழுதியது:

2015-ஐ விட்டுவிட்டீர்கள். பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், வெம்ப்ளியில் சவுத்எண்டுக்கு எதிராக கூடுதல் நேரத்தின் கடைசி நொடிவரை 1-0 முன்னிலை. 122-வது நிமிடத்தில் கோல் வாங்கி, பெனால்டியில் 7-6 தோல்வி. தோற்பதற்கும் விக்கமிடம் தனித் திறமை உண்டு. :)

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதற்கெல்லாம் சேர்த்து 2020-ல் வட்டியோடு வந்தது. 2019 கோடையில் விக்கமிடம் ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர். ஒன்பதுதான், பதினொன்றுகூட இல்லை. லீக் ஒன்னிலிருந்து இறங்கும் என்று பலரும் கணித்த அணி. சீசனின் நடுவில் முதலிடத்தில் இருந்தது. கொரோனா வந்து ஆட்டம் நின்றபோது எட்டாம் இடத்துக்கு வழுக்கியிருந்தது.

அப்போது லீக் எடுத்த முடிவு: ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று சராசரி போட்டு அட்டவணையை முடிப்பது. விக்கம் 34 ஆட்டத்தில் 59 புள்ளி, சராசரி 1.735. பீட்டர்பரோவுக்கும் அதே 59 புள்ளிதான், ஆனால் 35 ஆட்டம், சராசரி 1.686. எட்டில் இருந்த விக்கம் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. ஆறில் இருந்த பீட்டர்பரோ ஏழுக்கு இறங்கி பிளே-ஆஃபை இழந்தது. பீட்டர்பரோ ஆட்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை.

அரையிறுதியில் ஃப்ளீட்வுட்டை 6-3 என்று தள்ளி, ஜூலை 13-ல் ஆக்ஸ்ஃபர்டை 2-1 ஜெயித்து, 1887-ல் தொடங்கிய கிளப் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. ஜெயித்த கோல் ஜேக்கப்சனின் பெனால்டி. புளூம்ஃபீல்டுக்கு அப்போது 36 வயது.

---

ஹரோத்தமிழன் எழுதியது:

அந்த நாளைப் பற்றி ஒண்டு சொல்லுறன். வெம்ப்ளி எங்கட வீட்டில இருந்து பாத்தா தெரியிற தூரம். வளைவு லைற் போட்டுக் கிடக்கு. உள்ளுக்கு ஒரு ரசிகர் இல்லை, கொரோனா. நாங்கள் வீட்டில டிவியில பாக்கிறம். விக்கம் ஆக்கள் எத்தினை வருசம் காத்திருந்ததுகள்! அகின்ஃபென்வா ஆட்டம் முடிய கமராவுக்கு முன்னால நிண்டு, 'இப்ப எனக்கு வாட்ஸப்பில கதைக்கக்கூடிய ஒரே ஆள் குளொப் தான்' எண்ட மாதிரிச் சொன்னார். அகின்ஃபென்வா லிவர்பூல் பைத்தியம். அப்ப லிவர்பூல் மேனேஜரா இருந்த குளொப் உண்மையாவே வீடியோ அனுப்பி வாழ்த்தினார். உலகம் முழுக்க அந்தக் கிளிப்தான் ஓடிச்சுது. 2003-ல இருந்து நிக்கிற மனிசனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

அடுத்த சீசன் சம்பியன்ஷிப்பில முதல் ஏழு ஆட்டமும் தோல்வி. கிட்டத்தட்ட முழு சீசனும் வெறும் மைதானத்தில. விக்கம் வரலாற்றிலயே ஆக உயரமான சீசனை விக்கம் ஆக்கள் நேரில பாக்கேல்லை. இதைவிட என்ன சொல்ல.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்தச் சீசனின் முடிவைச் சொல்லாமல் விடக்கூடாது. கடைசி நாளில் விக்கம் மிடில்ஸ்பரோவை 3-0 ஜெயித்தது. மொத்தம் 43 புள்ளி. டார்பி கவுண்டி ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயுடன் 3-3 டிரா செய்து 44 எடுத்துத் தப்பியது. ஒரு புள்ளி! கணக்கு வழக்கில் டார்பி விதியை மீறியது பற்றிய விசாரணை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. தண்டனை வந்தது அடுத்த சீசனில்தான்: கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனதற்கு 12, கணக்கு மீறலுக்கு 9, ஆக 21 புள்ளி வெட்டு. சில மாதம் முன்பே வந்திருந்தால் விக்கம் சாம்பியன்ஷிப்பில் தங்கியிருக்கும். விக்கம் இழப்பீடு கேட்டுப் போராடியது வேறு கதை.

சிக்கனமாக இருந்தவன் இறங்கினான், கடன் வாங்கி ஆடியவன் ஒரு வருடம் கூடுதலாகத் தங்கினான். கீழ் லீக் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் கால்பந்து வல்லுநர் இல்லை, பிசியோதெரபி பக்கம். ஓய்வுக்கான காரணத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

புளூம்ஃபீல்ட் வயதாகிவிட்டது என்று விலகவில்லை. தலையில் பட்ட அடி, அதாவது கன்கஷன். ஒன்றல்ல, ஆட்டவாழ்க்கை முழுவதும் சேர்ந்த பல அடிகள். கால் உடைந்தால் எக்ஸ்-ரேயில் தெரியும். இது தெரியாது. வெளிச்சம் கூசும், தூக்கம் கெடும், பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் நழுவும். பார்ப்பவர்களுக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார்.

மேலே இரண்டாம்பந்து விவரித்த ஆட்டத்தை மறுபடி படியுங்கள். உயரத்திலிருந்து விழும் பந்து, ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேர் தலையோடு பாய்வது. அதை 18 வருடம், வாரத்துக்கு இரண்டு ஆட்டம். 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது: முன்னாள் தொழில்முறை கால்பந்து ஆட்டக்காரர்கள் டிமென்ஷியா போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களைவிட மூன்றரை மடங்கு. ஆடும் இடத்தைப் பொறுத்துப் பின்னால் பிரித்துப் பார்த்தார்கள். டிஃபெண்டர்களுக்கு ஆபத்து மிக அதிகம், கோல்கீப்பர்களுக்குக் குறைவு. இதற்குப் பிறகுதான் 2021-ல் இங்கிலாந்தில், பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் பலமான ஹெடர் (பந்தைத் தலையால் அடிப்பது) வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். கன்கஷனுக்கென்று தனி மாற்று ஆட்டக்காரரை இறக்கும் சோதனையும் அந்த வருடம்தான் தொடங்கியது. இவர் ஆடத் தொடங்கியது 2003-ல்! அந்தக் காலத்தில் முகத்தில் தண்ணீர் தெளித்து 'போய் ஆடு' என்பதுதான் மருத்துவம்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறவன் 'எனக்குத் தலை சுற்றுகிறது' என்று டாக்டரிடம் சொல்வானா? கணக்குப்பிள்ளை சொன்ன ஜூன் 30-க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

---

விசில்சத்தம் எழுதியது:

இதைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை, மருந்துச்சீட்டு. நல்ல பதிவு.

ஆனால் 'ஒரே கிளப் மனிதர்' என்ற பட்டத்துக்கு வருகிறேன். ஆட்டக்காரராக 18 வருடம் அசையாதவர், மேனேஜரானதும் என்ன செய்தார்? 2022 செப்டம்பர் கடைசியில் கோல்செஸ்டர் வேலை கொடுத்தது. லீக் டூவின் அடியில் கிடந்த அணி. 2023 பிப்ரவரியில் ஏன்ஸ்வொர்த் கியூபிஆர் கிளப்புக்குப் போனதும், இவர் கோல்செஸ்டரை விட்டு விக்கமுக்கு ஓடிவந்தார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சரி, தாய்வீடு கூப்பிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2024-ல் கோப்பைப் போட்டி ஒன்றில் வெம்ப்ளி வரை கூட்டிப்போனார், பீட்டர்பரோவிடம் 2-1 தோல்வி. (கணக்குப்பிள்ளை, உங்கள் பீட்டர்பரோ பழிவாங்கிவிட்டது.) 2024-25-ல் விக்கம் லீக் ஒன்னின் உச்சியில் போட்டியிட்டுக்கொண்டிருந்தது, புது முதலாளியும் பணமும் வந்தாயிற்று. அந்த நேரத்தில், 2025 ஜனவரியில், சாம்பியன்ஷிப்பில் மூழ்கிக்கொண்டிருந்த லூட்டனுக்குப் போனார். விசுவாசம் எங்கே போயிற்று?

---

பனங்காய் எழுதியது:

முதல் பதிவில் 'பெரிய கிளப் வரவில்லை, அதனால்தான் இருந்தார்' என்றீர்கள். இப்போது பெரிய கிளப் வந்தது, போனார், அதற்கும் திட்டுகிறீர்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் அண்ணா.

மேனேஜர் வேலை வேறு உலகம். ஆட்டக்காரர் பதினொன்றில் ஒருத்தர். மேனேஜரை நாலு தோல்விக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லூட்டன் விஷயத்தில் நடந்ததும் அதுதான். கடைசி நாளில் வெஸ்ட் பிராமிடம் 5-3 தோற்று இறங்கினார்கள். 2023-24-ல் பிரீமியர் லீகில் இருந்த கிளப் அடுத்தடுத்து இரண்டு படி சறுக்கியது. அந்தச் சரிவைப் பாதியில் வந்த ஒருத்தரால் நிறுத்த முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் லீக் ஒன்னில் தொடங்கிய பிறகும் அணி தூக்கவில்லை, அக்டோபரில் நீக்கினார்கள். அதில் அவருடைய பங்கும் உண்டு. விக்கமில் அவர் கட்டிய அணி வேகமாக, தரையில் பந்தை வைத்து ஆடியது, ஏன்ஸ்வொர்த் பாணியிலிருந்து முழுக்க விலகி. லூட்டனில் அதைக் கொண்டுவர முடியவில்லை.

---

இரண்டாம்பந்து எழுதியது:

லூட்டன் என்றதும் ஒரு பெயர் விடுபடக் கூடாது: பெல்லி ரட்டக் எம்பான்சு. அவரும் மிட்ஃபீல்டர், அவரும் கீழ் லீக் பிறவி. வெஸ்ட் ஹாம் அகாடமியிலிருந்து 2013-ல் லூட்டனுக்கு வந்தபோது கிளப் ஐந்தாம் படியில். 2014, 2018, 2019, 2023 என்று நான்கு முறை ஏறி, ஒரே கிளப்போடு லீகுக்கு வெளியிலிருந்து பிரீமியர் லீக் வரை போன முதல் ஆள் ஆனார். கொவென்ட்ரிக்கு எதிராக 2023 மே 27-ல் பெனால்டியில் 6-5.

இரண்டு பேரும் நான்கு முறை ஏறியவர்கள்தான். ஒருத்தர் இடையில் இறங்கவில்லை, இன்னொருத்தர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓர் இறக்கம் கொடுத்தார். அவர்களுக்குள் திறமையில் பெரிய தூரம் இருந்ததாக எனக்குப் படவில்லை. கிளப்பின் பணமும் நேரமும் வேறு. இதனால்தான் தனி ஆளின் ஆட்டவாழ்க்கையை லீக் அட்டவணையை வைத்து அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

விசில்சத்தம் எழுதியது:

எம்பான்சு பிரீமியர் லீகிலும் ஆடி நின்று காட்டினார். அதுதான் வித்தியாசம். நான் மாறப்போவதில்லை.

சரி, 'ஒரே கிளப்' பட்டியலில் டீன் லூயிங்டனை ஏன் யாரும் சொல்லவில்லை? ஒரே கிளப்புக்கு அதிக லீக் ஆட்டம் என்ற ஜான் டிரோலப்பின் ஸ்விண்டன் சாதனையை (770 ஆட்டம்) 2023-ல் தாண்டியவர். அவருக்கு முன் புளூம்ஃபீல்டின் எண் சின்னதாகத் தெரிகிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

லூயிங்டன் லெஃப்ட்-பேக், இது மிட்ஃபீல்டர் இழை. :) அதோடு அவர் எண்ணிக்கையில் பழைய விம்பிள்டனுக்கு ஆடிய ஆட்டங்களும் சேர்ந்திருக்கின்றன. அந்த கிளப்பை 2003-ல் மில்டன் கீன்ஸுக்குப் பெயர்த்துக்கொண்டு போய், 2004-ல் எம்கே டான்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஊரையே மாற்றிய கிளப்பை 'ஒரே கிளப்' என்று எண்ணலாமா என்று, அந்த இடமாற்றத்தை எதிர்த்து ரசிகர்களே தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டனின் ரசிகர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்கும்போது கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

லூயிங்டனுக்கும் எம்பான்சுவுக்கும் தனித்தனி இழை தொடங்கலாம். இதில் போட்டால் எல்லாம் கலந்துவிடும்.

---

புதுக்கால் எழுதியது:

எல்லாம் படித்தேன். டிசம்பரில் அக்கா வீட்டுக்கு லண்டன் வருகிறேன். ஹரோ அண்ணா, விக்கம் ஆட்டம் ஒன்று பார்க்க முடியுமா? எங்கே உட்கார்ந்தால் நல்லது?

---

ஹரோத்தமிழன் எழுதியது:

வாங்கோ தம்பி. இருக்கிறதை விடுங்கோ, கோலுக்குப் பின்னால நிண்டு பாக்கிற 'டெரஸ்' இன்னும் அங்க இருக்கு, பிரீமியர் லீகில அது கிடைக்காது. ரயிலில எண்டா மேரிலபோனில ஏறி ஹை விக்கமில இறங்கோணும், மைதானம் ஸ்டேசனில இருந்து தூரம், நடக்க வெளிக்கிடாதேங்கோ. கார் கொண்டு வந்தா நேரத்தோட வந்திடுங்கோ, வெளிய போறதுக்கு ஒரே றோட்டுத்தான். டிசம்பர் குளிருக்கு ஊர்ச் சுவெற்றர் காணாது, உங்கட அக்காவின்ர மனிசனிட்டச் சொல்லி நல்ல ஜக்கெற் ஒண்டு வாங்குங்கோ. திகதி தெரிஞ்சா எனக்குத் தனிமடல் போடுங்கோ, டிக்கெற் நான் எடுக்கிறன்.